வெடி பொய்க்கும் விதம்

1841ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், தென் சீனத்தில் காண்டன் நகரத்துக்கு வடக்கே, சான்யுவான்லி என்னும் ஊரை அடுத்த வயல்வெளியில் இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டிற்று. முதல் அபினி யுத்தத்துக்கென்று கடல் கடந்து கொண்டு செல்லப்பட்ட சென்னைப் பட்டாளத்தின் 37ஆவது காலாட்படையில் ஒரு கம்பெனி, ஏறத்தாழ அறுபது சிப்பாய்கள், அந்த மழையில் ஏனைய படையினின்றும் பிரிந்து, தங்கள் ஊரைக் காக்கத் திரண்டு வந்த கிராம மக்களால் சூழப்பட்டனர். சிப்பாய்களின் கையில் இருந்தவை சக்கிமுக்கிக் கல்லால் நெருப்பு உண்டாக்கும் பழைய துப்பாக்கிகள். மழைநீரில் அவற்றின் மருந்து நனைந்துவிட்டபடியால், விசையை இழுக்கும்தோறும் கல் இரும்பில் மோதும் ஓசை கேட்டதே அன்றிக் குண்டு புறப்படவில்லை. அவர்கள் சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி நுனியில் செருகிய பயனெட்டையே நம்பி நின்றுகொண்டிருந்த வேளையில், அவர்களைத் தேடி அனுப்பப்பட்ட ஆங்கிலக் கடற்படைக் காலாட்கள் இரண்டு கம்பெனி வந்து சேர்ந்தனர். அந்தக் காலாட்களின் துப்பாக்கியிலும் அதே கரிமருந்துதான் இருந்தது. அவர்கள்மீது பெய்ததும் அதே மழைதான். எனினும் அவர்களுடைய துப்பாக்கிகள் வெடித்தன.

மருந்து ஒன்று, மழை ஒன்று, விளைவு மட்டும் இரண்டாவதற்குக் காரணம் யாது? மருந்தை நோக்கி நெருப்புச் செல்லும் வழியே அக்காரணம். சிப்பாயின் துப்பாக்கியில் அவ்வழி வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. காலாட்களின் துப்பாக்கியில் அது செம்பு மூடியொன்றின் கீழ் மறைந்து கிடந்தது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வெடிக்காமல் போகும்போதெல்லாம், அது நூறாண்டு பழையதாயினும் நேற்று ஆலையிலிருந்து வந்ததாயினும், நாம் ஆராயவேண்டுவது இந்த வழியைத்தான். பருவத்தில் பெய்யவேண்டிய மழை பெய்யாது போனால் மழை பொய்த்தது என்கிறோம். அவ்வாறே, விசையை இழுத்தும் குண்டு புறப்படாத நிலையை வெடி பொய்த்தது என்று இந்த அத்தியாயத்தில் வழங்குவோம். மழை பொய்ப்பதற்கான காரணங்கள் எங்கோ நெடுந்தூரத்துக் கடலில் முன்னரே உருவாகிவிடுவது போல, வெடி பொய்ப்பதற்கான காரணமும் விசையை இழுக்கும் கணத்துக்கு வெகு முன்னரே உருவாகிவிடுகிறது என்பதை வாசகர் போகப்போகக் காண்பார்கள்.

தீயின் பயணம்

கரிமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கும், கரி 15 பங்கும், கந்தகம் 10 பங்கும் சேர்ந்த கலவை. கரி எரிபொருள், வெடியுப்பு அதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள் அடக்கி வைத்திருப்பது. கந்தகம் தானும் எரிவதோடு, பிறிதொரு முக்கியமான ஊழியமும் செய்கிறது. வெடியுப்பு 334 டிகிரி உஷ்ணத்தில்தான் உருகும். கந்தகமோ சுமார் 115 டிகிரியிலேயே உருகி, கரித்துகளையும் உப்புத்துகளையும் நனைத்து ஒன்றோடொன்று உறவாடச் செய்து, கலவை எளிதில் தீப்பற்றுவதற்கு உதவுகிறது. கந்தகம் இல்லாத கலவைக்கு நெருப்பு மூட்டுவது கடினம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்; இக்காலத்துத் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது அது நமக்குப் பயன்படும்.

சக்கிமுக்கித் துப்பாக்கியில் தீயின் பயணம் நீண்டது. குதிரை என்று நம்மவர் அழைக்கும் சுத்தியலின் வாயில் கவ்விய கல், எஃகுத் தகட்டில் உராய்ந்து பொறிகளை உதிர்க்கும். அப்பொறிகள் பற்றுவாய் என்னும் சிறு கிண்ணியிலுள்ள நுண்மருந்தில் விழும். அந்த மருந்து எரிந்து, குழலின் பக்கத்திலுள்ள ஊசித்துளை வழியாகத் தன் சுவாலையை உள்ளே அனுப்பும். அதன் பிறகே உள்ளிருக்கும் மருந்து வெடிக்கும். இந்த நான்கு கட்டங்களுள் எதில் தடை நேர்ந்தாலும் வெடி பொய்த்துவிடும்.

இப்பயணத்தைச் சுருக்கியவர் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பகுதியில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத். அவர் பறவை வேட்டையில் பிரியமுள்ளவர். பற்றுவாயில் பளிச்சிடும் வெளிச்சத்தைக் கண்டே பறவைகள் தப்பிவிடுவதைப் பார்த்து மனம் சலித்தே அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பர். எட்வர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் 1800இல் உலகுக்கு அறிவித்த பாதரச ஃபல்மினேட்டைப் போன்ற பொருள்கள், நெருப்பே இல்லாமல் வெறும் அடியினாலேயே வெடிக்கும் இயல்புடையவை. அவ்வியல்பைத் துப்பாக்கிக்குப் பிரயோகிக்கும் உபாயத்தை ஃபோர்சைத் கண்டு, 1807இல் காப்புரிமை பெற்றார். பின்வந்தோர் அப்பொருளைச் சிறிய செம்புக் கிண்ணத்தின் அடியில் அப்பி, குழலின் பின்புறத்தில் துளையுடன் நிற்கும் ஒரு காம்பின்மேல் தொப்பி போலக் கவிழ்த்தனர். அதுவே கேப்பு. 1834இல் இங்கிலாந்தின் உல்விச் நகரில் இரு வகையையும் எல்லாப் பருவநிலைகளிலும் ஆறாயிரம் முறை சுட்டுச் சோதித்தபோது, சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறையும், கேப்புத் துப்பாக்கி 36 முறையும் பொய்த்தன. ஏழு ஆண்டுகளுக்குப் பின்பு சான்யுவான்லியின் மழையில் நின்ற சிப்பாய்களின் கைக்கு அந்தச் சோதனையின் பலன் இன்னும் வந்து சேரவில்லை.

புதிய உடலில் பழைய உயிர்

தோட்டாவைப் பின்புறமாகச் செருகும் துப்பாக்கிகள் வந்தபின் இந்தப் பழைய கருவி மறைந்திருக்கவேண்டும். ஆனால் அமெரிக்காவில் அது மறையவில்லை. அந்நாட்டு மாநிலங்கள் பல, மான் வேட்டைக்கென்று வகுத்துள்ள பருவங்களுள், வாய்வழித் துப்பாக்கி கொண்டு மட்டும் வேட்டையாடத் தனிப் பருவம் ஒன்றையும் ஒதுக்கியுள்ளன. ஒருமுறை சுட்டபின் மறுமுறை கெட்டிக்க நேரம் பிடிக்கும் கருவியாதலின், அதை ஏந்துபவன் மிருகத்தை நெருங்கிச் சென்று, ஒரே குண்டை நம்பி, நிதானத்துடன் குறிபார்க்கவேண்டும் என்பது அதன் தர்மம். 1985இல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த டோனி நைட் என்பவர் எம்.கே.85 என்னும் துப்பாக்கியை வெளியிட்டது முதல் இவ்வகை புதிய வடிவெடுத்தது. பழைய கேப்புத் துப்பாக்கியில் சுவாலை பக்கத்திலிருந்து நுழைந்து, ஒரு திருப்பம் திரும்பி மருந்தை அடையும். புதியதில் பிரைமர், தீத்துளை, மருந்து, குண்டு ஆகிய எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருக்கின்றன. செம்புக் கேப்புக்குப் பதிலாக, ஷாட்கன் தோட்டாக்களுக்கென்று செய்யப்பட்ட 209 என்னும் எண்ணுடைய பிரைமர் இன்று பெருவழக்கு. அது கேப்பைவிடப் பன்மடங்கு வலிய சுவாலையை வீசும்.

வலிய சுவாலை வேண்டியிருப்பதற்குக் காரணமும் உண்டு. கரிமருந்துக்கு மாற்றாக 1970களில் பைரோடெக்ஸ் என்பதும், அதற்குப் பின்னர் கந்தகமே சேராத ட்ரிப்பிள் செவன் என்பதும் சந்தைக்கு வந்தன. இவை கரிமருந்தைவிடக் கையாளுவதற்குப் பத்திரமானவை. காரணம், இவை தீப்பற்ற அதைவிட உயர்ந்த உஷ்ணம் வேண்டும். எளிதில் தீப்பற்றாத பொருள், நாம் தீப்பற்ற விரும்பும்போதும் எளிதில் பற்றாது அல்லவா? பிரைமர் பழுதற்றிருந்தும் தீத்துளை சற்று அடைபட்டால், கரிமருந்து வெடித்திருக்கக்கூடிய இடத்தில் மாற்று மருந்து வாளாவிருந்துவிடும்.

முதல் நிமிஷம்

வெடி பொய்த்தவுடன் செய்யவேண்டிய முதற்காரியம் எதுவும் செய்யாமல் இருப்பதே. குழலின் வாய் எந்தத் திசையை நோக்கியிருந்ததோ, ஆபத்தற்ற அத்திசையிலேயே துப்பாக்கியை அசையாமல் பிடித்துக்கொண்டு, குறைந்தது ஒரு முழு நிமிஷம் காத்திருக்கவேண்டும். ஏனெனில் நெருப்பு அணைந்துவிட்டதா, வழியில் தயங்கி நிற்கிறதா என்பது வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது. ஈரமான மருந்தின் ஓரத்தில் ஒரு துகள் கனன்று, பக்கத்துத் துகளைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, சில கணங்கள் கழித்து முழு மருந்தையும் வெடிக்கச் செய்யக்கூடும். இதற்குத் தாமத வெடி என்று பெயர். தீபாவளியன்று நமத்துப்போன அணுகுண்டின் திரி அணைந்துவிட்டது என்று எண்ணிக் குனிந்து பார்க்கும் சிறுவனை வீட்டுப் பெரியவர்கள் பதறிப்போய்ப் பின்னால் இழுப்பதும் இந்த அறிவினாலேதான். பொய்த்த வெடி ஒவ்வொன்றையும், பொய்த்தது என்று நிரூபணம் ஆகும்வரையில், தாமத வெடியாகவே பாவிக்கவேண்டும். குழலின் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ எக்காரணம் கொண்டும் கொண்டுபோகக் கூடாது.

நிமிஷம் கழிந்தபின், பிரைமரை எடுத்து உள்ளங்கையில் வைத்து உற்று நோக்கவேண்டும். நடந்ததற்கு அதுவே முதற்சாட்சி. அதன் முதுகில் ஆழமான குழி விழுந்து, உள்ளே எரிந்து கறுத்திருந்தால், அடி சரியாக விழுந்தது, பிரைமரும் தன் கடமையைச் செய்தது. குற்றம் அதற்கு அப்பால், தீத்துளையிலோ மருந்திலோ இருக்கிறது. குழி ஆழமின்றி மேலோட்டமாக இருந்து, பிரைமர் எரியாமலும் இருந்தால், குற்றம் அதற்கு இப்பால், அடிக்கும் உறுப்பில் இருக்கிறது. இந்த ஒரே பார்வையால் ஆராய்ச்சியின் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. துப்பாக்கியைச் சரிபார்க்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள பேதம் இதுதான்: தெரியாதவன் பிரைமரை வீசி எறிந்துவிட்டு, மருந்து, பிரைமர், எண்ணெய் ஆகிய அனைத்தையும் ஒருங்கே மாற்றி, மறுமுறை வெடித்தாலும் எதனால் வெடித்தது என்றறியாமல் நிற்பான், தெரிந்தவன் ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, அந்த ஒன்றின் பலனைக் கண்ட பின்னரே அடுத்ததைத் தொடுவான்.

அடி தளர்வதற்குக் காரணங்கள் சில. அடிமுள்ளைத் தள்ளும் சுருள்வில் நாளடைவில் வலுக் குன்றும். அடிமுள் ஓடும் பாதையில் தாராளமாகப் பூசிய எண்ணெய், நீர் உறையும் குளிரில் பாகு போலத் தடித்து, அதன் வேகத்தைத் தடுக்கும். பழைய வகையில், கேப்பு காம்பின்மேல் முற்றும் அமராதிருந்தால், குதிரையின் முதல் அடி அதை உள்ளே அமர்த்துவதிலேயே செலவாகிவிடும். அத்தகைய கேப்பு இரண்டாவது அடியில் தடையின்றி வெடிப்பதே இக்குற்றத்தின் அடையாளம்.

புல்லின் சாட்சி

அடியில் குற்றமில்லை என்று தெளிந்தால், அடுத்து ஆராயவேண்டியது தீத்துளை. பிரைமரையும் மருந்தையும் பிரிக்கும் பின்னடைப்புத் திருகின் நடுவே ஓடும் இத்துளை ஒரு சிறு ஊசி நுழையுமளவே அகலமுள்ளது. அதை அடைப்பவை இரண்டு: முந்தைய வெடிகளின் கரி, முந்தைய சுத்திகரிப்பின் எண்ணெய். இரண்டாவதுதான் பலரை ஏமாற்றுவது. வேட்டை முடிந்து வீட்டுக்கு வந்தவன், துருப் பிடிக்காதிருக்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் குழலின் உள்ளே எண்ணெய் தடவி, துப்பாக்கியை வாய் மேல்நோக்க மூலையில் சாத்தி வைக்கிறான். குழலின் சுவரில் படர்ந்திருந்த எண்ணெய் நாள் செல்லச் செல்லக் கீழே வடிந்து, அடியிலுள்ள தீத்துளையில் தங்கிவிடுகிறது. அடுத்த பருவத்தில் அவன் புதிய மருந்தைக் கெட்டிக்கும்போது, அந்த எண்ணெய் துளையை மறைப்பதோடு, மருந்தின் அடிப்பாகத்தையும் நனைத்துவிடுகிறது. துப்பாக்கியின்மேல் அவன் காட்டிய சிரத்தையே அதற்கு வினையாக முடிகிறது.

இதற்குப் பழைய வேட்டைக்காரர்கள் கண்ட பரிகாரம் மிக எளியது. துப்பாக்கியில் மருந்தோ குண்டோ இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தபின், வெறுங் குழலில் ஒரு கேப்பைப் பொருத்தி, குழலின் வாயைத் தரையில் முளைத்த புல்லொன்றின் அருகே பிடித்து, விசையை இழுப்பார்கள். துளை திறந்திருக்குமாயின், கேப்பின் காற்று குழல் முழுதும் ஓடி வெளிவந்து, அந்தப் புல்லின் இதழைச் சட்டென்று ஒருபுறம் சாய்க்கும்; புல் அசையாதிருந்தால் வழி அடைபட்டிருக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், காலடியில் கிடக்கும் ஒரு புல்லிதழைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையின் நிலையைத் துல்லியமாக அறியும் இந்தப் பரீட்சையை நினைக்குந்தோறும், ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் விஞ்ஞானம் எவ்வளவு சுத்தமாக வாழ்கிறது என்னும் வியப்பு உண்டாகிறது. புதிய வகையில், கோலின் நுனியில் வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைச் சுற்றி, குழலின் அடிவரை இறக்கி, மருந்தில்லாமலே ஒரு பிரைமரை வெடிக்கச் செய்வதும் உண்டு. வெளியே எடுத்த துணியின் நடுவில் வட்டமாகக் கருகிய தழும்பு காணப்பட்டால் தீ அதுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஈரம் வரும் மூன்று வழிகள்

அடியும் வழியும் செவ்வையாயிருந்தால், குற்றம் மருந்தின் ஈரத்தில் இருப்பதே பெரும்பாலும் உண்மை. மழை நேரே நனைப்பது எல்லோரும் அறிந்த வழி. குழலின் வாயில் மெல்லிய ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிட்டால் அதைத் தடுத்துவிடலாம். குண்டுக்கு முன்னால் ஓடும் காற்றே நாடாவைக் கிழித்துவிடுமாதலால் குறிக்கும் பழுதில்லை. ஏனைய இரண்டு வழிகளே கண்ணுக்குப் புலனாகாதவை.

முதலாவது, எரிந்த மருந்தின் எச்சம். சர் ஆண்ட்ரூ நோபிள், சர் ஃபிரெடரிக் ஏபெல் என்னும் இரு அறிஞர்கள் 1870களில் கரிமருந்தை மூடிய எஃகுக் கலத்தில் வெடிக்கச் செய்து நிறுத்துப் பார்த்தபோது, எடையில் சுமார் 43 பங்கே வாயுவாக மாறுகிறது என்றும், எஞ்சிய 57 பங்கு திடப்பொருளாகிவிடுகிறது என்றும் கண்டார்கள். வெண்புகையாகப் போவதும், குழலில் கருஞ்சேறாகப் படிவதும் இத்திடப்பொருளே. அதில் பெரும்பங்கு பொட்டாசியம் கார்பொனேட். விறகுச் சாம்பலில் இருப்பதும் இதே உப்புத்தான். வெடியுப்பு காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. அந்தக் குணத்துக்காகவே, மலிவான சோடியம் நைட்ரேட்டை ஒதுக்கிவிட்டு, அதைத் துப்பாக்கி மருந்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதே வெடியுப்பு எரிந்தபின் விட்டுச் செல்லும் கார்பொனேட்டோ காற்றிலுள்ள ஈரத்தைத் தாகத்தோடு குடித்துக் கசிந்துவிடும். ஒருமுறை சுட்ட குழலைத் துடைக்காமல், அதிலேயே மறுமுறை மருந்தைக் கெட்டித்து வைப்பது, நனைந்த பாத்திரத்தில் உப்பைக் கொட்டி வைப்பதற்கு ஒப்பாகும். இந்த எச்சம் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆதலின் குழலைச் சுத்தம் செய்ய முதலில் வெந்நீர், பிறகு உலர்ந்த துணி, கடைசியில்தான் சிறிதளவு எண்ணெய் என்னும் கிரமம் வகுக்கப்பட்டது.

இரண்டாவது வழி பனித்துளி. குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் அரும்புவதை நாம் பார்த்திருக்கிறோம். அமெரிக்க வேட்டைக்காரன், நாள் முழுதும் உறைபனியில் குளிர்ந்த துப்பாக்கியை, மருந்து கெட்டித்தபடியே, கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால், அறையின் வெதுவெதுப்பான காற்றிலுள்ள நீராவி அந்தச் செம்பின்மேல் படிந்தது போலவே குழலின் உள்ளும் புறமும் படிகிறது. மறுநாள் காலையில் மீண்டும் குளிரில் சென்று விசையை இழுத்தால் வெடி பொய்க்கிறது. முந்தைய நாள் ஒரு துளி மழையும் பெய்யாதிருக்க, மருந்து எப்படி நனைந்தது என்று அவன் மயங்குகிறான். அநுபவசாலிகள் பிரைமரை மட்டும் கழற்றிவிட்டு, துப்பாக்கியைப் பூட்டிய வெளிக் கொட்டகையின் குளிரிலேயே இரவைக் கழிக்கச் செய்வார்கள்.

கோலில் ஒரு கோடு

இறுதியாக, கெட்டிப்பதில் நேரும் பிழைகள். பேச்சுக்கு நடுவே கெட்டிப்பவன் மருந்தை இடாமல் குண்டை மட்டும் இறக்கிவிடுவது உண்டு. பைரோடெக்ஸ் வில்லைகளின் ஒரு முனையில் மட்டும் எளிதில் தீப்பற்றும் கரிமருந்துப் பூச்சு உள்ளது. கறுத்த அந்த முனை பிரைமரை நோக்கியிராமல் தலைகீழாக இறங்கினால் தீ பற்றுவது சந்தேகம். குண்டு மருந்தின்மேல் முற்றும் அமராமல் இடையே வெளி இருந்தாலோ, வெடி பொய்ப்பதைவிடக் கொடிய விளைவாக, குழலே வீங்கிப் பழுதாகலாம். இவற்றுக்கெல்லாம் காவல், கெட்டிக்கும் கோலில் கீறிய ஒரு கோடு. சரியான அளவு மருந்தும் குண்டும் இருக்கும்போது, கோல் குழலின் வாயோடு சமமாகும் இடத்தில் அக்கோட்டை இட்டுவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது யாது என்பதைக் கோல் சொல்லிவிடும். கோடு கீழே இறங்கினால் மருந்து குறைவு அல்லது இல்லை. மேலே நின்றால் குண்டு அமரவில்லை, அல்லது முந்தைய வெடியே உள்ளே கிடக்கிறது.

அந்தக் கடைசிச் சாத்தியத்தின் கோரத்தை 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களம் காட்டிற்று. போர் முடிந்தபின் பொறுக்கி எடுக்கப்பட்ட 27,574 துப்பாக்கிகளுள் ஏறக்குறைய 24,000 கெட்டித்தபடியே கிடந்தன என்றும், அவற்றுள் சுமார் 12,000 துப்பாக்கிகளில் இரண்டு வெடியும், 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்து வெடியும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன என்றும், ஒன்றில் மட்டும் 23 வெடி இருந்தன என்றும் பதிவாகியுள்ளது. அச்சத்தால் கேப்பை வைக்க மறந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தன் இருபுறமும் ஆயிரம் துப்பாக்கிகள் முழங்க, தன் துப்பாக்கி மட்டும் முழங்கவில்லை என்பதை உணராமலே மறுபடி மருந்தைத் திணித்த இளைஞனின் நிலையை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. அவனுக்கு ஒரு நிமிஷம் காத்திருக்க அவகாசம் இல்லை. கோலின் கோட்டைப் பார்க்க நினைவும் இல்லை.

நமக்கு அந்த அவகாசம் இருக்கிறது. பொய்த்த வெடியின் காரணங்களை நாம் கண்ட வரிசையில் திரும்ப நோக்கினால், தடித்த எண்ணெய், வடிந்த எண்ணெய், துடைக்காத எச்சம், கணப்பறையின் பனித்துளி, தலைகீழ் வில்லை ஆகிய யாவும் விசையை இழுக்கும் விரலுக்கு முன்னரே, பெரும்பாலும் முந்தின இரவிலோ முந்தின பருவத்திலோ செய்துமுடித்த காரியங்கள் என்பது விளங்கும். விசை அவற்றை வெளிப்படுத்துகிறது, உண்டாக்குவதில்லை. ஆகையால், வெடி பொய்த்த இடத்தில் துப்பாக்கியை நொந்துகொள்ளாமல், அதைக் கடைசியாகத் துடைத்து வைத்த நாளை நினைவுபடுத்திக்கொள்வதே விவேகம். அடுத்த முறை மருந்தைக் கையில் எடுக்குமுன், வெறுங் குழலை ஒரு புல்லிதழின் அருகே பிடித்துப் பார்ப்போம். புல் சாய்ந்தால், தீ போகும் வழி திறந்திருக்கிறது.